ஸ்மித்ஃபீல்டில் மிஞ்சிய கோயில்

காலை ஒன்பதரை மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சந்தை ஓய்ந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் இறைச்சி விற்ற கடைக்காரர்கள் கறை படிந்த வெள்ளை அங்கியோடு தரையைக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் ஓடைபோல் சாலையோரம் இறங்கியது. அந்தக் குளிரிலும் பச்சை இறைச்சியின் வாடை மூக்கில் ஏறியது.

"மாமா, கோயிலுக்குப் போகணும்னு சொல்லிட்டுக் கறிச்சந்தைக்குக் கூட்டிட்டு வந்திருக்கியளே" என்றான் தங்கை மகன். ஆறு வருடமாக லண்டனில் வேலை பார்க்கிறான். இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"ரெண்டும் ஒரே எடந்தாம்ல, வா" என்றேன்.

நான் சொன்னது வெறும் பேச்சுக்கு அல்ல. பர்த்தலமேயு என்ற அப்போஸ்தலரை உயிரோடு தோலுரித்துக் கொன்றார்கள் என்பது சபை மரபு. அதனாலேயே ஓவியங்களிலும் சிலைகளிலும் அவர் கையில் ஒரு கத்தி இருக்கும். தோல் பதனிடுகிறவர்களும் இறைச்சி வெட்டுகிறவர்களும் அவரைத் தங்கள் காவலராகக் கொண்டார்கள். லண்டன் பழநகரத்தின் மதிலுக்கு வெளியே, மாடும் குதிரையும் விற்ற ஒரு மைதானத்தின் ஓரத்தில், அவர் பெயரால் 1123-ல் ஒரு மடமும் ஒரு மருத்துவமனையும் எழுந்தன. மருத்துவமனை அதே இடத்தில் இன்றும் நோயாளிகளைப் பார்க்கிறது. மடத்துக் கோயிலில் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சிய பகுதிதான் புனித பர்த்தலமேயு பெரிய கோயில். ஆங்கிலத்தில் செயின்ட் பார்த்தலோமியூ தி கிரேட். பக்கத்திலேயே மருத்துவமனை வளாகத்துக்குள் இதே பெயரில் ஒரு சின்னக் கோயிலும் இருப்பதால் இதற்குப் 'பெரிய' என்ற அடைமொழி.

இந்த அப்போஸ்தலருக்கு நம் பக்கத்தோடும் ஒரு மெல்லிய தொடர்பு உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவிலிருந்து பந்தேனுஸ் என்ற ஆசிரியர் இந்தியாவுக்குப் போனதாகவும், பர்த்தலமேயு விட்டுச்சென்ற மத்தேயு சுவிசேஷத்தை அங்கே எபிரெய எழுத்தில் கண்டதாகவும் வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்து நூல்களில் 'இந்தியா' என்பது அரேபியாவையும் குறிக்கும், எத்தியோப்பியாவையும் குறிக்கும். ஆகவே இதைப் பிடித்துக்கொண்டு பெருமை பேச நான் தயாரில்லை. ஆனாலும் பாளையங்கோட்டையில் சிறுவனாக ஞாயிறு பள்ளியில் பன்னிரண்டு சீடர் பெயரையும் ஒப்பிக்கும்போது, வேதத்தில் பெயரைத் தவிர வேறொன்றும் சொல்லப்படாத இந்த மனிதர் மேல் எனக்கு ஒரு தனிப் பரிவு இருந்தது. எங்கள் மொழிபெயர்ப்பில் அவர் பற்தொலொமேயு. வாயில் நுழையாத பெயர்.

மைதானத்தைச் சுற்றி நடந்தோம். மருத்துவமனைச் சுவரில் ஒரு கல். ஸ்காட்லாந்து விடுதலை வீரர் வில்லியம் வாலஸ் 1305 ஆகஸ்டு 23-ல் இங்கே கொல்லப்பட்டதைச் சொல்கிறது. மறுநாள் பர்த்தலமேயு திருநாள். 1381-ல் குடியானவர் எழுச்சிக்குத் தலைமை தாங்கிய வாட் டைலரை, அரசனோடு பேச வந்த இடத்தில் லண்டன் மேயர் குத்தினார். காயத்தோடு இந்த மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். அங்கிருந்து இழுத்துவந்து தலையை வெட்டினார்கள். 1555-ல் கத்தோலிக்கரான மேரி அரசியின் காலத்தில் ஜான் ராஜர்ஸ் முதலான சீர்திருத்தக்காரர்களை எரித்ததும் இதே மைதானத்தில்தான். இப்போது நடுவில் ஒரு வட்டப் பூங்கா இருக்கிறது. அலுவலகம் போகிறவர்கள் அதன் ஓரத்தில் நின்று காபி குடிக்கிறார்கள்.

கோயிலைத் தேடினால் தெரியாது. தெரிவது ஒரு வாசல் வளைவும் அதன் மேல் மரச்சட்டம் போட்ட ஒடுக்கமான இரண்டு மாடி வீடும்தான். வீடு 1595-ல் கட்டியது. அதற்கும் பல தலைமுறை முன்னால், 13-ஆம் நூற்றாண்டில் செதுக்கியது கீழே உள்ள கல் வளைவு. வீட்டின் மரச்சட்டங்கள் பிற்காலப் பூச்சுக்குள் நீண்டகாலம் மறைந்து கிடந்தன. முதல் உலகப் போரில் ஜெர்மானியரின் செப்பலின் ஆகாயக் கப்பல் போட்ட குண்டு அருகில் விழுந்ததில் முகப்பு ஆட்டம் கண்டது. மேற்பூச்சைப் பெயர்த்துப் பார்த்தபோதுதான் எலிசபெத் காலத்து வீடு உள்ளே அப்படியே இருப்பது தெரிந்தது. 1916-ல் அதைச் செப்பனிட்டு இந்த உருவத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

வளைவுக்குள் நுழைந்தால் ஒரு நடைபாதை. இடப்பக்கம் மேடான புல்தரை, சில பழைய கல்லறைகள், மரங்கள். நேர் எதிரே சக்கிமுக்கிக் கல் சில்லும் வெள்ளைக் கல்லும் கட்டம் கட்டமாகப் பதித்த ஒரு முகப்பு, பக்கத்தில் செங்கல் கோபுரம். கோயிலைப் பார்த்துவிட்ட மகிழ்ச்சியில் தங்கை மகன் வேகமாக நடந்தான். நான் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினேன்.

"இப்பவே நீ கோயிலுக்குள்ளதான் நிக்க."

நாங்கள் நுழைந்த வளைவு தெரு வாசல் அல்ல. அதுதான் ஆதிக் கோயிலின் மேற்கு முகப்பில், தென்புறப் பக்கக்கூடத்துக்கு உரிய கதவு. புல்தரையும் பாதையும் இருக்குமிடத்தில் ஒரு காலத்தில் பத்துத் தூண் இடைவெளிகள் நீளத்துக்குப் பெரிய நடுக்கூடம் இருந்தது. தூண், கூரை, தளம் எல்லாம் போய் இப்போது மேலே வானம் மட்டும். எங்கள் முன்னே தெரிந்த 'முகப்பு' 19-ஆம் நூற்றாண்டில் போட்ட அடைப்பு. வெட்டிய உடம்பில் போட்ட தையல்போல.

*

இந்தக் கோயிலை எழுப்பியவர் பெயர் ராகிர். முதலாம் ஹென்றி அரசனின் அவையில் பழகியவர். 1120-ல் அரசனின் வாரிசான இளவரசன் வில்லியம் கப்பல் விபத்தில் மூழ்கி இறந்தான். அவை முழுவதும் துக்கத்தில் ஆழ்ந்தது. அதற்குப் பிறகு ராகிர் ரோமாபுரிக்கு யாத்திரை போனார். அங்கே கடும் காய்ச்சல். பிழைத்தால் ஏழைகளுக்கு ஒரு மருத்துவமனை கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டார். திரும்பும் வழியில் பர்த்தலமேயு தரிசனத்தில் தோன்றி, ஸ்மித்ஃபீல்டில் ஒரு கோயிலும் கட்டு என்று சொன்னாராம். இவையெல்லாம் மடத்துத் துறவி ஒருவர் அதே நூற்றாண்டில் இலத்தீனில் எழுதிவைத்த ஸ்தாபக வரலாற்றில் இருப்பவை. அந்த இடமோ சதுப்பு. கொஞ்சம் காய்ந்திருந்த மேட்டில் தூக்குமரம் நின்றது.

அதே நூலில் வரும் ஒரு செய்தியை நான் பல வருடமாக மனதில் வைத்திருக்கிறேன். நிலம் கிடைத்தது. கல்லுக்கு எங்கே போவது? அரசவையில் பழகிய இந்த மனிதர் பித்தர்போல நடந்துகொண்டு, பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் தம் பின்னால் சேர்த்துக்கொண்டாராம். அவர்களைக்கொண்டே கல் பொறுக்கிச் சேர்த்தாராம். பின்னால் வந்தவர்கள் இதை வைத்து அவரை அரசவைக் கோமாளியாக்கிவிட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊர்க்கோயில் கட்ட வரி வசூலிக்கப் போய், வாசலில் நின்று பேச்சு வாங்கிய பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மானத்தைப் பார்க்கிறவனால் கோயில் கட்ட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும். ராகிருக்கும் தெரிந்திருக்கிறது.

ராகிர் கட்டியது அகஸ்தீனார் ஒழுங்கைப் பின்பற்றிய துறவிகளின் மடம். அவரே முதல் தலைவர். 1133-ல் அரசன் சந்தை நடத்தும் உரிமையைப் பட்டயமாகக் கொடுத்தான். ஒவ்வோர் ஆகஸ்டிலும் பர்த்தலமேயு திருநாளை ஒட்டி மடத்து வளாகத்தில் துணிச் சந்தை கூடியது. வருமானம் மடத்துக்கு. கோயிலின் வடபக்கத் தெருவுக்கு இன்றும் கிளாத் ஃபேர், துணிச்சந்தை, என்றுதான் பெயர். பிற்காலத்தில் கூத்தும் குடியும் பெருகி, 1855-ல் அந்தச் சந்தையை நிறுத்திவிட்டார்கள். எழுநூறு வருடத்துக்கு மேல் நடந்த திருவிழா.

*

கதவைத் தள்ளி உள்ளே போனதும் கண் தெரியச் சற்று நேரம் பிடித்தது. முதலில் வந்தது மணம். சாம்பிராணி பல நூற்றாண்டாகக் கல்லில் ஊறினால் எப்படி இருக்குமோ அப்படி. எங்கள் திருநெல்வேலிக் கோயில்கள் சாம்பிராணி அறியாதவை. எனக்குப் பழக்கமில்லாத மணம்தான். ஆனால் அந்த இருட்டுக்கு அது பொருத்தமாகவே இருந்தது.

பிறகு தூண்கள். உருண்டு திரண்ட, குட்டையான, இரண்டு பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத தூண்கள். அவற்றின் மேல் அரைவட்ட வளைவுகள். நார்மன் பாணி என்பார்கள். 1066-ல் பிரான்சின் வடகரையிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தவர்கள் கொண்டுவந்த கட்டடக் கலை. அவர்கள் கல்லின் எடையைக் கல்லாலேயே தாங்கினார்கள். சுவர் தடிமன், சாளரம் சிறிது, இருட்டு மிகுதி. வளைவுகளைச் சுற்றிச் சிறு கட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கியதுபோல ஓர் அலங்கார வரி ஓடுகிறது. அது ஒன்றுதான் அலங்காரம். மற்றபடி வெறும் கல், அதன் மேல் உளி பட்ட தடம்.

அண்ணாந்து பார்த்தால் கோயில் மூன்று அடுக்கு. கீழே தூண் வரிசை. நடுவில் மாட அடுக்கு. அங்கே ஒவ்வொரு பெரிய வளைவுக்குள்ளும் நான்கு சின்ன வளைவுகள், மெல்லிய தூண்களில். மேலே ஒளி வரும் சாளர அடுக்கு. இந்த மூன்றாவது அடுக்கு மட்டும் 1405-ஐ ஒட்டி மாற்றிக் கட்டியது. அதனால் அங்கே சாளரங்கள் அகன்று, கூர்நுனியோடு இருக்கின்றன. முந்நூறு வருட இடைவெளி ஒரே சுவரில் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறது. கீழே இருள், மேலே வெளிச்சம். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் கழுத்து வலிப்பது தெரியாது.

கிழக்குக் கோடியில் பீடத்தைச் சுற்றிச் சுவர் அரைவட்டமாக வளைகிறது. அந்த வளைவுக்கு வெளியே ஒரு நடை. நம்மூர்க் கோயிலில் கருவறையைச் சுற்றி வலம் வரும் திருச்சுற்றை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யாத்திரிகர்கள் பூசையைக் கலைக்காமல் பீடத்தின் பின்பக்கமாகச் சுற்றிவர வைத்த வழி. நான் இடமிருந்து வலமாக ஒரு சுற்று வந்தேன். தூண்களுக்கு இடையே பீடம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் இந்த வளைவை இடித்து நேர்ச்சுவர் எழுப்பியிருந்தார்கள். மறுபடி வளைத்தது 19-ஆம் நூற்றாண்டின் திருப்பணி.

கட்டடக் கலையில் ஆர்வமுள்ளவர்கள் பார்க்க வேண்டிய இடம் கோயில் நடுவே இருக்கிறது. சிலுவை வடிவக் கோயிலின் கைகள் சேரும் சந்திப்பில் நான்கு பெரிய வளைவுகள். கிழக்கிலும் மேற்கிலும் உள்ளவை அரைவட்டம். வடக்கிலும் தெற்கிலும் உள்ளவை கூர்நுனி. பார்த்தவுடன், வேறு காலத்தில் கட்டியிருப்பார்கள் என்று தோன்றும். காரணம் அதுவல்ல. சந்திப்பு சதுரமாக இல்லாமல் நீள்சதுரமாக அமைந்துவிட்டது. அரைவட்டத்தின் உயரம் எப்போதும் அதன் அகலத்தில் பாதி. ஆகவே குறுகிய பக்கத்தில் அரைவட்டம் போட்டால் அது அகன்ற பக்க வளைவின் உயரத்துக்கு எட்டாது. கொத்தன் யோசித்திருக்கிறான். இரண்டு வில்லை ஒன்றோடொன்று சாய்த்து நுனியில் சேர்த்தால் அகலத்தைக் கூட்டாமலே உயரத்தைக் கூட்டலாம். பின்னால் ஐரோப்பா முழுவதும் பேராலயங்களை வானத்துக்குத் தூக்கிய கூர்நுனி வளைவு, இந்தக் கோயிலில் ஒரு அளவுச் சிக்கலுக்குத் தீர்வாக வந்து நிற்கிறது. தங்கை மகன் பொறியாளன். இதைச் சொன்னதும் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

பீடத்தின் வடபுறம் ராகிரின் கல்லறை. அவர் இறந்தது 1140-களில். இப்போதுள்ள வேலைப்பாட்டு மண்டபமும் படுத்த நிலைச் சிலையும் 1405-ஐ ஒட்டிச் செய்தவை. கறுப்பு அங்கி, மழித்த தலை, கூப்பிய கை. இரு பக்கமும் இரண்டு குட்டித் துறவிகள் முழங்காலிட்டு, விரித்த வேதத்தை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஏசாயா 51-ஆம் அதிகாரம். பாழ்நிலத்தை ஆண்டவர் தோட்டமாக்குவதைப் பற்றிய வசனம் அங்கே வருகிறது. சதுப்பையும் தூக்குமரத்தையும் நினைத்துக்கொண்டால், அந்தச் சிற்பி கல்லறையைச் செதுக்கியதோடு கோயிலின் கதையையும் படித்திருக்கிறான் என்று தெரியும்.

எதிர்ப்பக்கத்து மாடத்தில் ஒரு சாளரம் வீட்டுப் பலகணிபோலத் துருத்திக்கொண்டிருக்கிறது. 1505 முதல் 1532 வரை மடத்தலைவராக இருந்த வில்லியம் போல்டன் வைத்தது. தம் இருப்பிடத்திலிருந்தே பீடத்தையும் ராகிர் கல்லறையையும் பார்க்க அவருக்கு வசதி. சாளரத்துக்குக் கீழே ஒரு பீப்பாயை அம்பு துளைத்துச் செல்வதுபோலச் செதுக்கியிருக்கிறது. ஆங்கிலத்தில் அம்புக்குப் 'போல்ட்', பீப்பாய்க்கு 'டன்'. சேர்த்தால் போல்டன். பெயரைப் பொறிக்காமல் பெயரைச் சொல்லிவிட்டார்.

*

அவர் இறந்து ஏழு வருடத்தில் எல்லாம் முடிந்தது. எட்டாம் ஹென்றி ரோமாபுரியோடு உறவை அறுத்து, நாட்டிலுள்ள மடங்களைக் கலைத்துச் சொத்தைப் பறித்த காலம். 1539 அக்டோபரில் இந்த மடம் அரசனிடம் ஒப்படைக்கப்பட்டது. 1544-ல் வளாகம் முழுவதையும் 1,064 பவுண்டு சொச்சத்துக்கு வாங்கியவர் ரிச்சர்டு ரிச். அரசனின் முன்னாள் அமைச்சர் தாமஸ் மோரின் தலை போகக் காரணமான சாட்சியம் சொன்னவர் இவர்தான். 1546-ல் ஆன் ஆஸ்க்யூ என்ற சீர்திருத்தக்காரப் பெண்ணை லண்டன் கோபுரச் சிறையில் வதைப்பொறியில் கட்டியபோது, இன்னோர் அமைச்சரோடு சேர்ந்து தம் கையாலேயே அந்தப் பொறியைத் திருகியவரும் இவரே. அந்தப் பெண்ணால் அதன்பின் நடக்க முடியவில்லை. நாற்காலியில் தூக்கிவந்து, இந்தக் கோயிலுக்கு எதிரேயுள்ள மைதானத்தில் எரித்தார்கள்.

பெரிய நடுக்கூடத்தை இடித்துக் கல்லை விற்றார்கள். அப்படியானால் மீதி ஏன் தப்பியது? பல வருடமாகப் புத்தகங்களில் இதைத் தேடிக்கொண்டிருந்தேன். பதில் எளிமையானது. மடத்துச் சுவருக்குள் துறவிகள் மட்டும் வாழவில்லை. வேலைக்காரர்கள், குடித்தனக்காரர்கள், சிறு வியாபாரிகள் இருந்தார்கள். அவர்களுக்கென்று கோயிலை ஒட்டி ஒரு சிற்றாலயம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாம் அங்கே. மடம் கலைந்தாலும் அவர்கள் கலையவில்லை. அவர்களுக்குக் கோயில் வேண்டும். அதனால் துறவிகள் நின்று பாடிய கிழக்குப் பகுதி அந்தச் சேகரத்து மக்களுக்குப் பங்குக் கோயிலாகக் கிடைத்தது. மேரி அரசி காலத்தில் தொமினிக்கத் துறவிகள் சில வருடம் இதில் இருந்தார்கள். 1559-ல் அவர்களும் போனார்கள். சேகரத்து மக்கள் இருந்தார்கள்.

அரசர்கள் கொடுத்த பட்டயத்தாலோ, ராகிரின் தரிசனத்தாலோ இந்தத் தூண்கள் இன்று நிற்கவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றவும் செத்தவனைப் புதைக்கவும் ஓர் இடம் வேண்டும் என்றிருந்த, பெயர் தெரியாத குடும்பங்களால் நிற்கின்றன. இதைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் அவர்கள் ஏழைகள். 1628-ல் செங்கல்லில் ஒரு கோபுரம் கட்ட முடிந்தது. அதில் தொங்கும் ஐந்து மணிகளும் 1510-க்கு முன் தாமஸ் புல்லிஸ்டன் வார்த்தவை. இன்றும் ஒலிக்கின்றன. அதற்கு மேல் பராமரிக்க வழியில்லை. மடத்துக் கட்டடங்களைத் துண்டு துண்டாக வாங்கியவர்கள் தங்கள் வசதிக்குப் பயன்படுத்தினார்கள். வட கையில் கொல்லன் உலை. மடத்தின் உள்முற்றச் சுற்றில் குதிரை லாயம். மாடங்களில் பள்ளிக்கூடம். பீடத்துக்குப் பின்னால் 14-ஆம் நூற்றாண்டில் எழுந்த மாதா சிற்றாலயம் முதலில் வீடாகி, பிறகு அச்சகமாகியது. 1725-ல் அமெரிக்காவிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் சாமுவேல் பால்மரின் அந்த அச்சகத்தில் எழுத்துக் கோத்தான். பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். உல்லஸ்டன் என்பவரின் சமயத் தத்துவ நூலுக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தபோது அதன் வாதம் பிடிக்காமல், மறுப்பாகத் தானே ஒரு சிறு நூல் எழுதி அச்சிட்டான். பின்னர் அதே இடத்தில் சரிகைக் குஞ்சம் செய்யும் ஆலை வந்தது. அதன் ஒரு பகுதி இரும்புத் தூண்களின் மேல் கோயிலுக்குள்ளேயே நீட்டிக்கொண்டிருந்தது. கீழே குருவானவர் ஆராதனை நடத்துவார். மேலே ஆலை ஓடும்.

இதையெல்லாம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 'அவமதிப்பு', 'சீரழிவு' என்ற சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அந்தச் சொற்கள் உவப்பாக இல்லை. எங்கள் ஊரில் கோயில்தான் பள்ளிக்கூடம். திங்கள் முதல் வெள்ளி வரை அந்தத் தரையில் உட்கார்ந்துதான் அ, ஆ எழுதினேன். மழைக்காலத்தில் தாழ்வாரத்தில் நெல் மூட்டை கிடக்கும். ஞாயிறன்று கூட்டிப் பெருக்கி மணி அடிப்பார்கள். அதனால் கோயிலின் மரியாதை குறைந்ததாக யாரும் நினைத்ததில்லை. யாரும் புழங்காத கூரைதான் முதலில் ஒழுகும். லண்டனிலேயே பார்க்கலாம்: குடியேறியவர் இல்லாத மடங்கள் சுவடில்லாமல் போயின. கொல்லனும் குஞ்சம் கட்டியவர்களும் புழங்கிய சுவர் நின்றது.

1666-ல் நகரத்தையே சாம்பலாக்கிய பெருந்தீ இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பை கார்னர் என்ற முனையில் நின்றுபோனது. அங்கே தங்க முலாம் பூசிய ஒரு குழந்தைச் சிலை வைத்திருக்கிறார்கள். 1940-ன் குண்டுவீச்சிலும் கோயில் பெரிய சேதமின்றித் தப்பியது. அதைக் கிருபை என்பதைத் தவிர எனக்கு வேறு சொல் தெரியவில்லை.

திருப்பணி 1860-களில் தொடங்கியது. 1880-களிலிருந்து அதை முன்னெடுத்தவர் ஆஸ்டன் வெப். பின்னாளில் பக்கிங்ஹாம் அரண்மனையின் இன்றைய முகப்பை வடிவமைத்தவர். அவருடைய சகோதரர் எட்வர்டு வெப் இந்தச் சபையின் நிர்வாகியாக இருந்தார், கோயிலின் வரலாற்றை இரண்டு பெரிய தொகுதிகளாக எழுதினார். ஆலையை விலைக்கு வாங்கி வெளியேற்றினார்கள். உலையை அகற்றினார்கள். பக்கக் கைகளை மீண்டும் கட்டினார்கள், ஆனால் குட்டையாக. போன நீளத்துக்குத் திரும்ப இடமில்லை. வெப்பின் வேலையில் எனக்குப் பிடித்தது, புதியதைப் பழையதுபோல நடிக்க வைக்காதது. வெளியே கட்டம் கட்டமாகப் பதித்த கல்லைப் பார்த்தவுடனே, இது பின்னால் சேர்த்தது என்று தெரிந்துவிடும்.

வட கையில் நின்று தூணைத் தடவிப் பார்த்தேன். கல் அங்கங்கே கறுத்திருக்கிறது. உலைப்புகை. இத்தனை திருப்பணியிலும் அதைச் சுரண்டி எடுக்காமல் விட்டவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

*

தென் கையில் தங்கமாக மின்னும் ஒரு சிலை இருக்கிறது. டேமியன் ஹர்ஸ்ட் என்ற இக்காலச் சிற்பியின் படைப்பு. பர்த்தலமேயு தம் உரிந்த தோலை மேலாடைபோலக் கைமேல் போட்டுக்கொண்டு நிற்கிறார். தசைநார்கள் ஒவ்வொன்றும் தெரிகின்றன. அந்தக் கல் இருட்டில் அது ஒரு கூச்சல்போல எனக்குப் பட்டது. தங்கை மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. நெடுநேரம் அதன் முன் நின்றான்.

என்னை நிறுத்தியது ஞானஸ்நானத் தொட்டி. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்தது. எண்கோணம், எந்த அலங்காரமும் இல்லை. 1697 நவம்பர் 28-ல் இந்தத் தொட்டியில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். பக்கத்துத் தெருவில் பதினெட்டு நாள் முன்பு பிறந்த பிள்ளை. வில்லியம் ஹோகார்த். லண்டனின் தெருவையும் குடியையும் ஏழ்மையையும் வரைந்து, அந்த நகரத்தின் முகத்தை அந்த நகரத்துக்கே காட்டிய ஓவியர். வளர்ந்து பெயர் பெற்றபின், எதிரே இருக்கும் மருத்துவமனையின் படிக்கட்டுச் சுவரில் பெதஸ்தா குளத்துக் கதையையும் நல்ல சமாரியன் கதையையும் காசு வாங்காமல் வரைந்து கொடுத்தார். பிறந்த சேகரத்துக்கு அவர் செலுத்திய காணிக்கையாக நான் அதைப் பார்க்கிறேன்.

தென்சுவரில் 1652-ல் இறந்த எட்வர்டு குக் என்பவரின் நினைவுச் சிலை உண்டு. பார்ப்பவரைக் கண்ணீர் விடச் சொல்லி, நீ அழாவிட்டால் இந்தக் கல் அழும் என்ற கருத்தில் கீழே ஒரு பாட்டு வெட்டியிருக்கிறது. உண்மையிலேயே அந்தக் கல் அழுததாம். ஈரக்காற்று குளிர்ந்த கல்லில் பட்டு நீராக வழிந்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கோயிலுக்கு வெந்நீர்க் குழாய் போட்டுச் சூடேற்றியதும் அழுகை நின்றுபோயிற்று.

வெளியே வரும்போது, கல்லறைத் தோட்டத்தில் ஒரு தட்டையான கல்லைக் காட்டி அங்கிருந்த சபை ஊழியர் ஒரு வழக்கத்தைச் சொன்னார். ஒவ்வொரு பெரிய வெள்ளியன்றும் ஏழை விதவைகள் இருபத்தொரு பேருக்குக் கல்லறைக் கல்லின் மேல் காசு வைத்துக் கொடுப்பது இந்தச் சேகரத்தின் பழைய மரபு. அது நின்றுவிடாதிருக்க 1887-ல் ஜோஷுவா பட்டர்வர்த் என்பவர் நிதி வைத்தார். இப்போது கைநீட்டி வாங்க விதவைகள் யாரும் வருவதில்லை. சிலுவைக் குறியிட்ட இனிப்பு ரொட்டியை வந்தவர் எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். எங்கள் பக்கத்து அசனப் பண்டிகை நினைவுக்கு வந்தது. பெரிய பந்தியில் ஊரே உட்கார்ந்து ஆட்டுக்கறிச் சோறு தின்னும் அந்த நாளில், யார் கொடுத்த நெல், யார் கொடுத்த ஆடு என்று எவரும் கேட்பதில்லை.

மணி பன்னிரண்டாகிவிட்டது. சந்தையின் இரும்புக் கதவுகள் மூடியிருந்தன. இந்தச் சந்தையை நிரந்தரமாக மூடிவிட லண்டன் மாநகராட்சி 2024-ல் முடிவெடுத்துவிட்டது. வியாபாரிகள் இன்னும் சில வருடம் இருப்பார்கள். அதன் பிறகு எண்ணூறு வருடத்துக்கும் மேலாக இந்த மைதானத்தில் இருந்துவந்த கால்நடை, இறைச்சி வாடை இராது.

தையல் போட்ட முகப்பிலிருந்து நுழைவாயில் வளைவு வரை, இல்லாமல் போன நடுக்கூடத்தின் நீளத்துக்கு மெதுவாக நடந்தோம். தங்கை மகன் இந்த முறை வேகமாகப் போகவில்லை. தூண்கள் எங்கெங்கே நின்றிருக்கும் என்று கையால் காட்டிக் கேட்டுக்கொண்டே வந்தான். புல்மேட்டின் விளிம்பில், மருத்துவமனைச் சீருடையில் ஒரு செவிலி உட்கார்ந்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரவுப் பணி முடிந்தவர்போல முகம். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"மாமா, அவங்க கோயிலுக்குள்ள உக்காந்துதான சாப்பிடுதாவ?" என்றான்.

"ஆமா" என்றேன். அவரைத் தொந்தரவு செய்யாமல் ஓரமாக ஒதுங்கி நடந்தோம்.